இறைச்சி பழுதாகாத வெடி

என் அக்காவின் புருஷன் ஈயம் காய்ச்சும் நாட்களில், ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருக்கும் அவர்கள் வீட்டின் கராஜ் கதவு பாதியளவு தூக்கியிருக்கும். அந்த இடைவெளியால் புகை வெளியே போகும், குளிர் உள்ளே வரும். அவருக்கு ஒரு ரயர் கடையில் வேலை. கார்ச் சில்லுகள் ஆடாமல் ஓடுவதற்கு விளிம்பில் அடித்து வைக்கும் ஈயத்துண்டுகளில் பழையதுகளை வாளியில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவருவார். சின்ன மின்சார உலையில் போட்டு உருக்கி, மேலே மிதக்கும் கசடைக் கரண்டியால் வழித்தெறிந்துவிட்டு, இரும்பு அச்சில் ஊற்றுவார். அச்சைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினால் மடித்துப் போட்ட பழைய துவாயின் மேல் துவக்குச் சன்னம் ஒன்று விழும். வெள்ளி மாதிரி மினுங்கும். ஆசைப்பட்டுத் தொட்டால் தோல் அதோடு போய்விடும். நான் ஒருமுறை தொட்டேன். பெருவிரல் நுனியில் இன்னும் உணர்ச்சி இல்லை.

எனக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கிடங்கில் வேலை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். கலியாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் என் வாயைக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழும்பிப் போனார்கள். வேட்டைக்குப் போகத் தொடங்கியதும் அந்த வாயால்தான். ஒரு பிறந்தநாள் விழாவில் அத்தான் நாலு பேரைச் சுற்றி வைத்துக்கொண்டு, “எங்கடை பொம்பிளையள் துவக்கைக் கண்டால் கட்டிலுக்குக் கீழை பூந்திடுவினம்” என்றார். நான் அடுத்த கிழமையே வேட்டைக்காரருக்கான வகுப்பில் சேர்ந்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, சொந்தமாக ஒரு துவக்கும் வாங்கினேன். அதன் பிறகு அவருக்கு நான் வேட்டைத் துணை. வேறு துணை அவருக்குக் கிடைக்கவும் இல்லை. ஒரு நாள் முழுக்க அவரோடு காட்டில் நின்றவர்கள் இரண்டாம் முறை வருவதில்லை.

நான் மட்டும் ஏன் போனேன் என்றால், அக்காவுக்காக. அத்தான் அவளை அடிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஒருவரும் எனக்குச் சொல்லித் தெரியவந்ததில்லை. அவர்களுடைய ஒரே மகள் படிப்பதற்கு வேறு நகரத்துக்குப் போன பிறகு அந்த வீட்டில் சாட்சிக்கு ஆளில்லை. ஆனால் வெயில் காலத்தில் அவள் முழுக்கைச் சட்டை போட்டாள். கதிரையில் இருக்கும்போது முதுகைச் சாய்க்காமல் இருந்தாள். கேட்டால், “கதவுக்கை நசிஞ்சது” என்பாள். அவள் வீட்டுக் கதவுகள் மாதிரிக் கடிக்கிற கதவுகளை நான் ரொறன்ரோவில் வேறெங்கும் காணவில்லை. அவரை நான் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனால் அவளுக்கு அந்தச் சனி ஞாயிறாவது மூச்சுவிட நேரம் கிடைக்கும். அதுதான் என் கணக்கு. மான் எனக்கு இரண்டாம் பட்சம்.

வீட்டில் புலி வெளியில் எலி என்று சொல்வார்களே, அத்தான் அப்படி எலியும் இல்லை. வெளியில் அவர் நல்ல மனுஷன். யாருடைய காருக்கு ரயர் வெடித்தாலும் பனிக்குள் முழங்காலில் நின்று மாற்றிக் கொடுப்பார். கோயிலில் அண்டா தூக்குவார். யாராவது நக்கலடித்தால் எல்லாரையும்விட உரத்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பயம். அவர் அப்படிச் சிரித்த ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு மூன்று நாளில் அக்காவைக் கதவு கடிக்கும்.

போன வருஷத்து மான் அப்படி ஒரு சிரிப்பில்தான் முடிந்தது. பங்கு இறைச்சி என்பது எங்கள் ஆட்களுக்கு ஊரிலிருந்தே வழக்கம். நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு ஆடு அடித்து, தசை, எலும்பு, ஈரல், குடல் எல்லாம் எல்லாருக்கும் சமமாக விழும்படி கூறு போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருவருக்குத் தொடை, ஒருவருக்கு வெறும் கழுத்து என்ற பேச்சுக்கு இடமில்லை. இரத்தத்தைக்கூடச் சட்டியில் பிடித்து உறையவைத்துப் பகிர்வார்கள். வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்ய. அத்தான் அந்த வழக்கத்தை மானுக்குக் கொண்டுவந்தார். வேட்டை இறைச்சியை இங்கே விற்கக்கூடாது. சும்மாதான் கொடுப்பார். பெயர் கிடைக்கும், அது அவருக்குக் காணும்.

போன வருஷம் அவர் கடையில் வாங்கிய ரவையால், அதாவது கடைத் தோட்டாவால், சுட்டார். மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. நல்ல சாவு. ஆனால் அந்தச் சன்னம் ஒரு தோளால் உள்ளே போய் மற்றத் தோளால் வெளியே வந்திருந்தது. தோலை உரித்தபோது இரண்டு தோள்களும் இரத்தம் கட்டிக் கறுத்து, எலும்புச் சிராய்கள் குத்தி நிற்க, பிடித்தால் விரலுக்குள் வழுக்கியது. நாய்க்குத்தான் போடலாம். நெஞ்சுக் கூட்டுக்குள் கிடந்த இரத்தமும் மயிரும் அழுக்கும் கலந்து பழுதாய்ப் போயிற்று. கூறு கொடுக்கும்போது அஜின்கோர்ட்டிலிருந்து வந்த அன்ரி ஒருவர் பையைத் திறந்து பார்த்தார்.

“தம்பி, என்ன எங்கடை கூறிலை தோள் துண்டு ஒண்டும் காணேல்லை? இரத்தமும் இல்லையே? நான் வறைக்கெண்டு தேங்காயும் திருவி வைச்சிட்டெல்லே வந்தனான்.”

பக்கத்தில் நின்ற ஒருவர், “அண்ணை மானைச் சுடேல்லை, அன்ரி. குண்டு வைச்சுத் தகர்த்தவர்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த ஞாயிறு நான் சாப்பிடப் போனபோது அக்கா இடது கையால் சோறு போட்டாள். வலது கை மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. நான் அத்தானைப் பார்த்தேன். அவர், “குழம்பு நல்லாயிருக்கு, போட்டுச் சாப்பிடு மச்சாள்” என்றார். அந்தக் குழம்புச் சட்டியை அப்படியே அவர் தலையில் கவிழ்த்திருக்கலாம். அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்ததுதான் அவருடைய ஈயம் காய்ச்சும் வேலை. கடை ரவை வேகமானது, அதனால் இறைச்சியைக் கிழிக்கிறது. ஈயச் சன்னத்தைக் குறைந்த வெடிமருந்தில் மெதுவாக அனுப்பினால் ஓட்டை போட்டுக்கொண்டு போய்விடும், கிழிக்காது. இது அவர் கண்டுபிடித்ததில்லை. முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் பெரிய துவக்கைப் பாவிக்க விரும்புகிறவர்கள் நெடுங்காலமாகச் செய்வதுதான். எனக்கும் அதில் விருப்பம் வந்தது, மறைக்கவில்லை. கோடை முழுக்க இரண்டு பேரும் சூட்டுத் திடலுக்குப் போய் எந்த மெல்லிய ரவை எங்கள் துவக்குகளுக்குப் பொருந்துகிறது என்று பார்த்தோம்.

அது சும்மா விளையாட்டு இல்லை. மருந்தைக் குறைக்கிறேன் என்று மட்டில்லாமல் குறைத்தால் சன்னம் துவக்குக் குழாய்க்குள்ளேயே சிக்கி நிற்கும். அது தெரியாமல் அடுத்த வெடி வைத்தால் குழாய் வெடித்து முகம் போகும். அதனால் புத்தகத்தில் உள்ளபடி மட்டும் செய்தோம். ஒரு விதம் வெடிக்கு ஒரு பக்கமாகச் சிதறிப் போனது. இன்னொன்று குழாயில் ஈயத்தைப் பூசிவிட்டது, நான் ஒரு பின்னேரம் முழுக்க அதைச் சுரண்டினேன். மூன்றாவதாகச் செய்த விதம்தான் சரிவந்தது. அட்டையில் விழுந்த துளைகள் எல்லாம் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குள் அடங்கின. வெடிச் சத்தம், தரையில் பலகை விழுந்த மாதிரி, ‘பட்’ என்று மட்டும். தோளில் உதைப்பும் இல்லை. இலையுதிர் காலத் தொடக்கத்தில் அதை வைத்து நான் ஒரு முயலைச் சுட்டேன். முயல் துள்ளி விழுந்து நாலு காலாலும் காற்றில் ஓடியது. கழுத்தைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினேன், நின்றது. உரித்துப் பார்த்தால் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வந்த ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான். இறைச்சியில் ஒரு கன்றல் இல்லை.

அத்தான் அந்த முயலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது.

“மச்சாள், மானுக்கும் உதுதான் சரி” என்றார். “கழுத்திலை ஒண்டு வைச்சால் விழுந்திடும். தோள் ரெண்டும் முழுசா வரும். இரத்தமும் சட்டிக்கை பிடிக்கலாம்.”

“உங்களுக்கென்ன விசரே? உது முயலுக்குச் செய்த ரவை. மான் எத்தினை முயல்?”

“ஊரிலை ஆடு அடிக்கேக்கை ஆர் துவக்காலை சுட்டவை? கழுத்திலை ஒரு கத்தி. கத்தியை விட உது பலம்தானே?”

“ஆட்டைக் கட்டி வைச்செல்லோ வெட்டினவை! மானை ஆர் உங்களுக்குப் பிடிச்சுத் தரப்போறான்?”

கராஜ் வாசலில் அக்கா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். “அவள் சொல்லுறதையும் ஒருக்காக் கேளுங்கோவன்” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு உரத்துச் சிரித்தார். தட்டில் இருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

“சரி, உங்கடை விருப்பம்” என்றேன். மான் காயப்பட்டு ஓடினால் காட்டில் ஒரு மான் துடிக்கும். வாதத்தில் நான் வென்றால் அன்றைக்கே வீட்டில் அவள் துடிப்பாள். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தெரிவு செய்ய வேறொன்றும் இருக்கவில்லை. என் துவக்குக்கு மட்டும் கடை ரவையையே எடுத்து வைத்துக்கொண்டேன்.

நவம்பரில் மான் காலம் தொடங்கியது. நாங்கள் வழக்கமாகப் போவது ஸ்ரௌவ்விலுக்கு வடக்கே, தோட்டங்களும் சேற்றுக்காடும் கலந்த ஒரு இடம். காணிக்காரர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். வேலியைக் கெடுக்காமல் வந்தால் வேட்டையாடலாம் என்பார். என் வான் வண்டியில் போனோம். போகும் வழி முழுக்க அத்தானின் போன் அடித்தது. “ஓம் அன்ரி, இந்த முறை தோளோடை வரும். சட்டியைக் கழுவி வையுங்கோ” என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். சார்ஜ் இறங்கிப்போக, போனை வானுக்குள்ளேயே சார்ஜரில் செருகி வைத்துவிட்டு இறங்கினார்.

வெட்டி முடிந்த சோளக்கட்டைகளுக்கு மேல் மெல்லிய பனி கிடந்தது. இரண்டு பேரும் செம்மஞ்சள் மேலங்கியோடு வேலி ஓரமாக இருந்தோம். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் மரங்களுக்குள்ளிருந்து ஒரு கொம்பன் மான் வந்தது. தலையைக் குனிந்து சோளக்கட்டையை முகர்ந்தது. சுடுவது அத்தானின் முறை. அவர் கழுத்துக்குக் குறிவைத்தார். அவர் விரலை இழுத்த அதே நேரம் மான் தலையைத் தூக்கியது.

‘பட்.’

மானின் கீழ்த்தாடை முறிந்து தொங்கியது. அது ஒருமுறை பின்னங்காலில் எழும்பி நின்று, சுழன்று, காட்டுப் பக்கம் பாய்ந்தது. நான் துவக்கைத் தூக்குவதற்குள் அத்தான் எழும்பி எனக்கும் மானுக்கும் நடுவில் ஓடினார். எனக்கு முன்னால் அவர் முதுகு. நான் குழாயைக் கீழே இறக்கினேன்.

காயப்பட்ட மானை உடனே துரத்தக்கூடாது. பேசாமல் இருந்தால் அதுவும் ஓரிடத்தில் படுக்கும், பிறகு போய் முடிக்கலாம். வகுப்பில் முதல் நாளே சொல்லித் தந்த பாடம் அது. அத்தானுக்கும் தெரியும். “நில்லுங்கோ! அது படுக்கட்டும்!” என்று கத்தினேன். அவர் ஓடிக்கொண்டே பனியைக் காட்டினார். பனியில் சிவப்பு கோடு கோடாகக் கிடந்தது.

“இரத்தம் எல்லாம் போகுது! அங்கை பார், எல்லாம் நிலத்திலை போகுது!”

வறைக்குப் பிடிக்க வேண்டிய இரத்தம். அதற்காகத்தான் ஓடினார். அவருக்குப் பின்னால் நானும் ஓடினேன். சேற்றுக்குள் கால் புதைந்தது, கிளைகள் முகத்தில் அடித்தன. எனக்கு வந்த கோபத்தில் கண் இருண்டது. முன்னால் இன்னொரு ‘பட்’ கேட்டது, பிறகு இன்னொன்று. நான் போய்ச் சேர்ந்தபோது மான் ஒரு பழைய கம்பிவேலியில் பின்னங்கால்கள் சிக்கி விழுந்து கிடந்தது. வயிற்றில் பட்ட சன்னம் குடலைத் திறந்திருந்தது. அந்த நாற்றம் குளிரிலும் தூக்கி அடித்தது. தாடை ஒரு தோலில் ஆடியது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எழும்பப் பார்த்தது, விழுந்தது, திரும்பவும் ஊன்றியது. இத்தனைக்குப் பிறகும் அது சாகவில்லை. அத்தான் கொண்டுவந்த மெல்லிய ரவைகள் முடிந்துவிட்டன.

“விலகுங்கோ, நான் சுடுறன்!”

“வேண்டாம்! உன்ரை வெடி தோளைச் சிதைச்சுப் போடும்!”

அவர் கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தார். மான் தலையை வீசியது. கொம்பின் ஒரு கிளை அவர் கன்னத்தைக் கிழித்தது. அவர் பின்னால் விழுந்து, எழும்பி, கன்னத்தைத் தொட்டு விரலைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அதே சிரிப்பு.

துவக்கைக் குழாய்ப் பக்கமாகப் பிடித்து மானின் விலாவில் அடிக்கத் தொடங்கினார். மரக்கட்டையால் ஈரச் சாக்கை அடிக்கிற சத்தம். விலா முறிவதும் கேட்டது. நான் கத்தினேன், அவருக்குக் காது கேட்கவில்லை. அடிக்கும்போது அவர் மானோடு பேசினார். மூச்சு வாங்க, பல்லைக் கடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

“வாய் காட்டுவியோ? ம்? ஆக்களுக்கு முன்னாலை வாய் காட்டுவியோ? ஆரிட்டைச் சொல்லப்போறாய்? சொல்லு. ஆரிட்டைச் சொல்லுவாய்?”

ஒரு மானிடம் கேட்கிற கேள்வியா அது? நான் நிற்பது காடு இல்லை, அவர்களுடைய படுக்கையறை. பல வருஷமாக மூடியிருந்த அறைக்கதவை யாரோ எனக்கு முன்னால் உதைத்துத் திறந்துவிட்டார்கள். இன்னொன்றையும் கண்டேன். அந்த வெறியிலும் ஒரு அடிகூட மானின் தோளில் விழவில்லை. விலாவிலும் முதுகிலும்தான் அடித்தார். ஒருமுறை துவக்குக் கட்டை தோள்பக்கம் வழுக்கியபோது, கையை நிறுத்தி, இடம் மாறி நின்று, பிறகு அடித்தார். மனுஷன் தன்னை மறந்து அடிக்கவில்லை. எங்கே அடிக்கிறேன் என்று நல்லாய்த் தெரிந்துதான் அடித்தார்.

நான் ஓடிப்போய் என் உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து அவரை இடித்தேன். சரக்குக் கிடங்கில் வேலை செய்கிற உடம்பு இது. அவர் சேற்றுக்குள் மல்லாந்து விழுந்தார், துவக்கு வேறொரு பக்கம் விழுந்தது. நான் அவருக்கு எதிர்ப்புறமாகத் திரும்பி, துவக்கை மானின் தோளோடு நெருக்கிப் பிடித்துச் சுட்டேன். தலையில் சுட்டிருக்கலாம். தோளில்தான் சுட்டேன், வேண்டுமென்றே. காடு அதிர்ந்தது. மான் அந்த வினாடியே செத்தது. இரண்டு தோளும் கூழாய்ப் போயிருக்கும், எனக்கு அது சந்தோஷம்.

அவர் சேற்றுக்குள் எழும்பி இருந்தார். “தோள்...” என்றார். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய ஆளானார். ரயர் மாற்றிக் கொடுக்கிற நல்ல மனுஷன்.

“மச்சாள், ஒருதருக்கும் உதைச் சொல்லாதை. ஒரு வெடியிலை விழுந்தது எண்டு சொல்லு. உன்ரை கொக்காதான் காலமை முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு என்னை அனுப்பினவள். அந்த முழிவியளம்தான், கெட்ட சகுனம். வீட்டை போய்ப் பாத்துக்கொள்ளுறன்.”

சொல்லிவிட்டு மானுக்குப் பக்கத்தில் குந்தி, கத்தியைக் காற்சட்டையில் துடைத்தார். முதுகு எனக்கு. என் துவக்கில் இன்னும் ரவை இருந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யோசிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நன்றாக யோசித்தேன். காட்டில் விபத்து நடக்கும், யாரும் நம்புவார்கள். அக்கா தலையைக் குனிந்து வெள்ளைச் சேலையோடு நிற்பதுவரை யோசித்துப் பார்த்தேன். பிறகு துவக்கைத் திறந்து ரவைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். அவருடைய துவக்கையும் சேற்றிலிருந்து எடுத்துத் திறந்து, வெறுமையா என்று பார்த்து, தோளில் மாட்டினேன். அவரிடம் இருந்த துவக்கு அந்த ஒன்றுதான்.

“நான் வானைக் கிட்டக் கொண்டுவாறன்” என்றேன். “நீங்கள் உரியுங்கோ. தொடையாவது பழுதாகாமல் வரட்டும். சனம் பாத்துக்கொண்டிருக்குது.”

“ஓம், கெதியா வா.”

அவர் அந்த இறைச்சியை விட்டு அசையமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அத்தனை வீட்டுக்குச் சொல்லியாயிற்று, சட்டியும் கழுவி வைத்திருப்பார்கள். வெறுங்கையோடு போய் அஜின்கோர்ட் அன்ரிக்கு முன்னால் நிற்பதைவிட அவர் அந்தச் சேற்றுக்குள் விறைத்துச் செத்துப்போவார். உரித்து, வெட்டி, கூறுக்கு ஏற்றபடி பிரித்து முடிக்க மத்தியானம் ஆகும். துவக்குகளை வானுக்குள் வைத்துப் பூட்டினேன். காணிக்காரரின் வீட்டு வாசலில் நிறுத்தி, என் மைத்துனர் சேற்றுக்காட்டில் மானோடு இருக்கிறார், சுகமாக இருக்கிறார், எனக்கு அவசரமாக வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொன்னேன். கிழவர் என் சட்டையில் இருந்த இரத்தத்தைப் பார்த்துவிட்டு, மான் விழுந்ததா என்று சந்தோஷமாகக் கேட்டார். விழுந்தது என்றேன்.

தெற்கே திரும்பி வேகமாக ஓட்டினேன். பக்கத்து சீட்டில் அத்தானின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அக்கா குசினியில் வறைக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் தனியாகக் கண்டதும் எழும்பினாள்.

“அத்தான் எங்கை? நீ ஏன் தனிய வந்தனி? உதென்ன இரத்தம்?”

“மான்ரை இரத்தம். அவர் அங்கை இருக்கிறார். ஒண்டும் நடக்கேல்லை அவருக்கு.”

அவள் திரும்பவும் இருந்து வெங்காயத்தை எடுத்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் வெடி, தாடை, வேலி, துவக்குக் கட்டை. அவள் வெட்டிக்கொண்டே கேட்டாள். அவர் மானிடம் கேட்ட கேள்வியை அவருடைய குரலிலேயே சொன்னேன். “ஆரிட்டைச் சொல்லப்போறாய்?” அக்காவின் கையில் கத்தி நின்றது.

“வா, போவம்” என்றேன். “என்னோடை. இப்ப. துவக்கு ரெண்டும் என்ரை வானிலை பூட்டியிருக்கு. பொலிசுக்கு நான் கதைக்கிறன். அவர் வர இன்னும் நேரமிருக்கு.”

அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, “முகத்திலை ஒருநாளும் கை வைச்சதில்லை” என்றாள். ஒரு நல்ல குணத்தைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

எனக்குப் பொறி பறந்தது. “பெரிய உபகாரம்!” என்று கத்தி, மேசையில் இருந்த தட்டை வெங்காயத்தோடு தட்டிவிட்டேன். அது சுவரில் பட்டுக் கீழே விழுந்தது. அக்கா கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு முழங்கைகளாலும் விலாவை மூடிக்கொண்டு குனிந்தாள். முகத்தை அவள் மறைக்கவில்லை. விலாவைத்தான் மறைத்தாள்.

என் அக்கா என்னைக் கண்டு அப்படிக் குனிந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நிலத்தில் குந்தி, சிந்திய வெங்காயத்தைப் பொறுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து பக்கத்தில் குந்தினாள். இரண்டு பேரும் பொறுக்கினோம்.

“மான் கத்தினதே?” என்று கேட்டாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். நான் கத்தியிருந்தேன், அவர் கத்தியிருந்தார். அது தாடை தொங்க, குடல் வெளியே வர, அத்தனை அடி விழவும் ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

“இல்லை” என்றேன். “கத்தேல்லை.”

“நானும் கத்திறேல்லை” என்றாள் அக்கா.

பிறகு எழும்பி அடுப்பை நிற்பாட்டிவிட்டு, தன்னுடைய கோட்டைத் தேடினாள்.